செவலையின் இடது கண்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. செவலைக் கிடாரியின் இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று போனில் சொன்னதும், "அலமாரியில் கண் களிம்பு பாதி டியூப் இருக்குமே, அதைப் போடும்மா" என்றாய். போட்டேன். நான்கு நாளாகியும் நீர் வடிவது நிற்கவில்லை. வெளிச்சம் பட்டாலே இமையை இறுக்கி மூடிக்கொண்டது. அப்புறம்தான் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் உடனே மருந்து எழுதவில்லை. பஞ்சுக் குச்சியால் கண்ணீரை ஒற்றி எடுத்தார். களிம்பு போட்ட கண்ணில் கிருமி சரியாகச் சிக்காது என்று, அன்றுதான் கண் கலங்க ஆரம்பித்திருந்த கன்றிடமும் எடுத்துக்கொண்டார்.

மொராக்செல்லா போவிஸ் என்கிற பாக்டீரியாக் கிருமி என்று முடிவு வந்தது. மயிரிழை போன்ற நுண்ணிய இழைகளால் கருவிழியைப் பற்றிக்கொண்டு, நஞ்சைக் கக்கி அதை அரிக்குமாம். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குத் தூக்கிப் போவது ஈ.

எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க, ஒரு தட்டில் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். டாக்டர் படம் காட்டினார். நாம் போட்ட டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து உட்கார்ந்திருக்கிறது! உள்ளே வரும் மருந்தை இறைத்து வெளியே கொட்டுகிற பம்பு சில கிருமிகளிடம் உண்டாம். அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுமாம்.

போன வருஷம் இவளுடைய தாய்க்கு இதே நோய் வந்தபோது, மூன்றாம் நாள் கண் தெளிந்ததும் மருந்தை நிறுத்தியது நான்தான். மிச்சம் பிடித்த டியூப் அது. மருந்துக்கு அடங்கியவை முதலில் செத்திருக்கும், அடங்காதவை தங்கியிருக்கும். "உங்கள் டியூப்தான் காரணம் என்று சொல்ல முடியாதம்மா, வாங்கி வந்த மாட்டோடும் வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு மனசு ஆறவில்லை.

இதைவிட வீரியமானது ஒன்றை அனுப்பட்டுமா என்று நேற்றுக் கேட்டாயே, வேண்டாம். வீரியம் இல்லை விஷயம், இந்தக் கிருமி எதற்கு அடங்கும் என்பதுதான். அந்தத் தட்டில் பெரிய வட்டம் காட்டிய மருந்தையே ஊசியாகப் போட்டிருக்கிறார். கறவை மாட்டுக்கும் தேவைப்பட்டால் சொல்கிற நாள் வரை பாலை எடுத்துக் கொட்டிவிட வேண்டும் என்றார். கண் சிவந்தாலே இந்த நோய்தான் என்றும் இல்லை. வைரஸாக இருக்கலாம், கண்ணுக்குள் புழு இருக்கலாம், வெறும் புல் விதை குத்தியிருக்கலாம். அதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் போட்டு என்ன பயன்?

இப்போது சாணத்தை அன்றன்றே அள்ளிவிடுகிறேன். ஈ குறைந்திருக்கிறது. செவலையை நிழலில் தனியாகக் கட்டியிருக்கிறேன். நீர் நின்றுவிட்டது, வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கிறது. இடது பக்கமாக யாராவது போனால் மிரள்கிறாள். நீ வரும்போது வலது பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே வா.

அன்புடன்,
அம்மா