முதலில் கூரை, அப்புறம் தங்கப் பூச்சு

பாரிஸ், சான் ஜெர்மான் பகுதியில் நாம் குடியிருக்கும் பழைய மாளிகையின் உரிமையாளர் சங்கத்தாருக்கு, மச்சு அறை வாடகைக்காரன் எழுதுவது. வணக்கம்.

பிரெஞ்சில் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் வந்தது. கடிதம் கிடைப்பதில் குறையே இல்லை. அதனால் இந்த முறை என் தாய்மொழியில், நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்களுக்குப் படித்துச் சொல்ல என் மகள் இருக்கிறாள்.

போன வாரம் படிக்கட்டருகே ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தேன். செப்டம்பரில் பாரம்பரிய நாட்களுக்கு, அதாவது பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களுக்கு, கூட்டம் வருமாம். அதற்குள் தெருக்கதவுக்குப் புது வண்ணம், அதன் மேலிருக்கும் குலச்சின்னத்துக்குத் தங்கப் பூச்சு. கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் துத்தநாக வாய்க்கால் பிய்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. மழை பெய்தால் என் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டும். காரைக்காலிலிருந்து பிரியாணி செய்யக் கொண்டுவந்த பானை இப்போது அதற்குத்தான் ஆகிறது. பெரிய மழை என்றால் ராத்திரி இரண்டு தடவை எழுந்து கொட்ட வேண்டும். கீழ்வீட்டு அம்மா, நான் குழாயை மூடாமல் தூங்குகிறேன் என்று சண்டைக்கு வந்தார். மேலே கூட்டிப்போய்ப் பானையைக் காட்டினேன். இப்போது அவரும் ஒரு வாளி வைத்திருக்கிறார்.

வாளி பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரை மட்டும். மிச்சம் சுவருக்குள் போகிறது. ஓக் உத்திரங்களின் நுனி சுவருக்குள்தான் செருகியிருக்கிறது. ஈரம் பட்டால் முதலில் அங்கேதான் உளுக்கும். 18ஆம் நூற்றாண்டின் ஜிப்சம் பூச்சு நனைந்து நனைந்து ஒருநாள் மொத்தமாகக் கழன்று விழும். தெருக்கதவுக்கு அடிக்கும் வண்ணம் இதைத் தடுக்காது.

பக்கத்திலேயே பிரோன் மாளிகை இருக்கிறது, இன்று சிற்பி ரோதேனின் அருங்காட்சியகம். 1720களின் கடைசியில் அதைக் கட்டத் தொடங்கியவர் பரம்பரைப் பிரபு இல்லை. டோப்பா செய்பவரின் மகன், பணச்சந்தையில் சம்பாதித்தவர். கட்டிமுடித்த கையோடு இறந்துபோனார். மாளிகைக்குப் பெயர் கொடுத்த படைத்தளபதி பிரோன் பிறகு வந்து வாங்கியவர். 1820இல் கன்னியர் மடத்தார் வந்து பெண்கள் பள்ளி நடத்தினார்கள். சுவர்களின் செதுக்குமரப் பலகைகளை ஆடம்பரம் என்று கழற்றி விற்றார்கள். 1904க்குப் பிறகு மடமும் போனது. இடிப்பதாகத்தான் இருந்தது, அதுவரை சும்மா கிடப்பானேன் என்று கலைஞர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தோட்டம் காடாகி முயல் ஓடியது. 1908இல் ரோதேன் கீழ்த்தளத்தில் சில அறைகளை வாடகைக்கு எடுத்தார். 1911இல் அரசு வாங்கியது, 1919இல் அருங்காட்சியகம் ஆனது. விற்ற பலகைகளில் சிலவற்றைத் தேடிப்பிடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். 2012 முதல் மூன்று ஆண்டு மறுபடி பெரிய வேலை நடந்தது. அந்த வீட்டை இடிக்காமல் காப்பாற்ற மல்லுக்கட்டியவர்களில் வாடகைக்காரரான ரோதேனும் ஒருவர் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இந்த வீட்டில் பாரம்பரியம் ஒரு விசித்திரமான பண்டம். நான் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் கேட்டால் பாரம்பரியம் குறுக்கே நிற்கும். லிஃப்ட் கேட்டால் நிற்கும். பெரிய படிக்கட்டைத் தொடக்கூடாது, அதனால் நான் வேலைக்காரர் படியில் 84 படி ஏற வேண்டும், சரி, ஏறுகிறேன். கூரை ஒழுகும்போது மட்டும் அந்தப் பாரம்பரியம் எங்கேயோ ஊருக்குப் போய்விடுகிறது. இங்கே இந்த மாதிரி மாளிகையை 'ஓட்டல்' என்பார்கள். ஊரில் அம்மா, மகன் ஓட்டலில் தங்கியிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். முதலில் கூரை. பிய்ந்த வாய்க்காலை அக்டோபர் மழைக்கு முன் மாற்றுங்கள், விலகிய சிலேட் ஓடுகளைப் பதியுங்கள். தங்கப் பூச்சு அடுத்த ஆண்டு அடித்துக்கொள்ளலாம். குலச்சின்னம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கூரைக்குப் போக என் அறை ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். ஆள் எப்போது வந்தாலும், பானையை நகர்த்தி வழி விடுகிறேன்.