மகனின் பாடசாலைக்கும் அயலவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் வீடு தீயில் எரிந்துபோன அந்த நவம்பர் இரவைப் பற்றி நான் இங்கே மறுபடியும் எழுதப் போவதில்லை. எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் அன்று போர்வையோடு நின்றவர்களுக்கும், பிறகு எங்களைத் தேடி வந்தவர்களுக்கும் அது தெரியும். நேற்று முன்தினம் புதிய வீட்டின் திறப்பு எங்கள் கைக்கு வந்தது. கட்டில்கள் இன்னும் வந்து சேரவில்லை; பாயில் மகன் உறங்கிய பின், சமையலறை வெளிச்சத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

குளிரங்கிகளும் சப்பாத்துகளும் கொண்டுவந்த, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோ அயலவர்கள், நாங்கள் தற்காலிக விடுதியில் இருந்த நாட்களில் கேட்காமலே உணவு அனுப்பிய கோயிலாரும் சீக்கியரின் குருத்துவாராவினரும், அகதிக் கோரிக்கைப் பத்திரங்களின் பிரதிகளை மீண்டும் பெற்றுத் தந்த சட்ட உதவியாளர், எரிந்துபோன நூலகப் புத்தகங்களுக்குத் தண்டப்பணம் வேண்டாம் என்று சொன்ன நூலகர் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் கண்டு சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன, சொல்வேன்.

புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவப் பாடசாலைகளில் பணியாற்றும் குடியமர்வு ஊழியரான சகோதரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விடுதிக்கு அருகிலிருந்த ஒரு பாடசாலையில், குடிவரவுப் பத்திரங்கள் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று எங்களைத் திருப்பி அனுப்பியபோது, நானும் அதை நம்பி இரண்டு கிழமைகள் மகனை அறைக்குள்ளேயே வைத்திருந்தேன். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் கல்விச் சட்டத்தில் 49.1 என்றொரு பிரிவு இருப்பதையும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையோ அதன் பெற்றோரோ சட்டபூர்வமான குடிவரவு நிலை இல்லாதவர்களாக இருந்தாலும்கூட அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது என்பதையும் அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த மடலை நான் எழுதத் தொடங்கியது மகனின் இப்போதைய பாடசாலையின் அலுவலகச் செயலாளருக்காக. அவருக்குத் தமிழ் தெரியாது. யாராவது மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இங்கே பாடசாலைகளில் இலையுதிர்காலத் தவணையில் 3 தடவையும் இளவேனில் தவணையில் 3 தடவையும் தீ ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. மற்றப் பிள்ளைகளுக்கு அது வகுப்பிலிருந்து வெளியே போகக் கிடைக்கும் பத்து நிமிடம். மகன் சேர்ந்த முதல் மாதத்தில் அபாயமணி அடித்தபோது, அவன் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். அவனைக் கண்டுபிடித்து வெளியே கூட்டி வந்தவர் அந்தச் செயலாளர். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, இருவரும் அலுவலகத் தரையில் சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை, அவனும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஒத்திகை நாளன்று காலையில், அதிபரிடம் அனுமதி பெற்று, அவர் வகுப்புக்குப் போய் மகனின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்திருக்கிறார். அதை அவன் வீட்டுக்குக் கொண்டு வந்தான். இப்போதும் என் முன்னால் இருக்கிறது. நீல மையில், படம் வரைவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்: இனறு மணி அடிககும. இது ஒததிகை. பயபபட வேணடாம. கைபேசித் திரையில் பார்த்துப் பிரதி செய்தபோது புள்ளிகளை எழுத்தின் பகுதியாக அவர் எண்ணவில்லை போலும். 'ண' எழுதுவதற்கு அவர் எத்தனை தடவை முயன்றார் என்பது அட்டையின் பின்பக்கத்தில் தெரிகிறது.

சேர்ந்த நாள் முதல் அந்தப் பாடசாலையில் என் மகன் ஒரு சொல்லும் பேசியதில்லை, கேட்காமல் பேனாவைத் தொட்டதுமில்லை. அன்று அட்டையை வாசித்தவன், செயலாளரின் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் காட்டிக் கேட்டு வாங்கி, விடுபட்ட புள்ளிகள் ஏழையும் வைத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தானாம். பிறகு மணி அடித்தது. வகுப்போடு வரிசையில் வெளியே போனான்.

அதற்கு முன்பு அவனுடைய மௌனத்தைக் கண்டு, கற்றல் குறைபாடு இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் அவனுடைய ஆசிரியை அவசரப்பட வேண்டாம் என்று தடுத்தார். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அன்றாடப் பேச்சு ஓரிரு வருடங்களில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் சக மாணவரை எட்டுவதற்கோ 5 வருடங்களும் அதற்கு மேலும் ஆகலாம் என்று, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வுகளைச் சொல்லி எனக்கு விளக்கினார். புள்ளிகள் வைத்த கதையைக் கேட்ட மறுநாளே, முதல் கட்டுரையைத் தமிழிலேயே எழுதும்படி மகனிடம் சொல்லியிருக்கிறார். பனியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினான். நான் அதை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார். வீட்டில் இனித் தமிழை நிறுத்திவிட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, நிறுத்தவே கூடாது என்று அவர் சொன்ன உறுதி என் நெஞ்சை விட்டுப் போகாது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து, தமிழைப் பிள்ளையின் காலில் கட்டிய கல்லாகத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

செயலாளர் அவர்களே, ஓர் ஒத்திகையை முன்கூட்டி அறிவிப்பது உங்கள் வேலையின் மிகச் சிறிய பகுதியாக இருக்கலாம். தமிழ் எழுத்தைப் பார்த்து வரைவது உங்கள் வேலையே அல்ல. எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம், அவனுடைய பழைய கொப்பிகள் உட்பட, அந்த இரவோடு போய்விட்டன. அதன் பிறகு என் மகனுக்கென்று தமிழில் கையால் எழுதி முதன்முதலாகக் கொடுத்தவர் நீங்கள்.

செவ்வாயும் வியாழனும் காலையில் எனக்கு வேலை இல்லை. குடியமர்வு ஊழியரிடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்குத் துணை வேண்டுமென்றால், பத்திரம் வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், அந்த இரு நாட்களிலும் நான் வருவேன். அட்டைகளை மகன் எழுதுவதாகச் சொல்கிறான். இதுவரை நான்கு எழுதி வைத்திருக்கிறான், எல்லாம் நீல மையில்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
ஸ்காபரோ.