அடிவரியை வெட்டாதீர்கள்: நாடக அச்சுப்படக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடக அச்சுப்படங்களைப் பாதுகாத்து, இணையத்திலும் ஏற்றிவரும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டனில் அச்சான நடிகர் படங்களை இன்று யாரும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறதென்றால், அது உங்கள் உழைப்பு. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பல தொகுப்புகளில் நடிகரின் உருவம் மட்டும்தான் தெரிகிறது. சுற்றியிருந்த வெள்ளை ஓரமும் அடியிலிருந்த எழுத்தும் காணவில்லை. தாள் முழுவதையும் காட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த அடிவரியில் எவ்வளவு இருக்கிறது! வழக்கமாக இடது மூலையில் ஓவியரின் பெயர், வலது மூலையில் செப்புத்தகட்டில் செதுக்கியவரின் பெயர், நடுவில் நடிகர், பாத்திரம், சில தாள்களில் நாடக வசனமும். அதற்கும் கீழே பொடி எழுத்தில் வெளியிட்டவர், கடை முகவரி, தேதி. ஓவியர் ஹோகார்த்தும் மற்றக் கலைஞர்களும் வற்புறுத்திப் பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரின் பெயரையும் வெளியான தேதியையும் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. திருட்டு நகல்களைத் தடுக்க வந்த ஏற்பாடு. நாடக வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இன்று அதுவே பெரிய துணை.

எட்மண்ட் கீனை எடுத்துக்கொள்வோம். 1814 ஜனவரி 26 அன்று லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில், ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்து ஷைலாக்காக மேடையேறினார். அதுவரை ஊர் ஊராக அலைந்த நடிகர் அவர். அடுத்த மாதமே மூன்றாம் ரிச்சர்டாக நடித்தார், லண்டனே அவரைப் பற்றிப் பேசியது. அவருடைய ஒரு படம் அந்த முதல் பரபரப்பில் வந்ததா, புகழ் நிலைத்தபின் வந்ததா என்பதை முகம் சொல்லாது, தேதி சொல்லும்.

நடிகை சாரா சிடன்ஸின் படம் இன்னும் நெருக்கமான சாட்சி. ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1784இல் அவரைச் சோக நாடகத்தின் தேவதையாக வரைந்தார். தன் பெயரை அவருடைய ஆடையின் கரையிலேயே எழுதினார். பிரான்சிஸ் ஹேவர்ட் 1787இல் அதைச் செப்புத்தகட்டுக்குக் கொண்டுவந்தார். ஓவியத்தை நேரில் பார்க்க வழியில்லாதவர்களின் கைக்குச் சிடன்ஸைக் கொண்டுசேர்த்தவர் அவர். ஓவியருக்கு ஆடைக்கரை இருந்தது, ஹேவர்டுக்கு இருந்த இடம் அடிவரி மட்டும்தான். அதையும் வெட்டினால் அந்த உழைப்பாளி படத்திலிருந்தே காணாமல் போகிறார். எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

அந்தக் காலச் சேகரிப்பாளர்களே கத்தரி வைத்தவர்கள்தான், தெரியும். 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சரின் இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூல் வந்தபின், படங்களை வெட்டிப் புத்தகங்களுக்குள் சேர்ப்பது பெரிய மோகமாயிற்று. அப்படி ஓரம் போன தாள்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெட்டியது பழைய கத்தரியா, இன்றைய கணினியா என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டாமா? தாளே குறைபட்டிருந்தால் பதிவில் அதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஜிகினா ஒட்டிய படங்கள். வண்ணமில்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி என்று விற்ற காலத்தில், வாங்கியவர்கள் மார்க்கவசத்திலும் வாளிலும் பளபளக்கும் உலோகத் தகடுகளை வெட்டி ஒட்டினார்கள். ஆடைக்குப் பட்டுத் துணியும் வைத்தார்கள். நேரான வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தில் அந்தத் தகடுகள் மங்கிய கறையாகத்தான் தெரிகின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படமும் எடுத்துப் போடுங்கள்.

அடிவரிகளை அப்படியே தட்டச்சு செய்து பதிவில் சேர்த்தால், கடை முகவரியை வைத்தும் செதுக்கியவர் பெயரை வைத்தும் தேடலாம். அதற்கு ஆள் போதவில்லை என்றால் பார்வையாளர்களிடம் விட்டுவிடுங்கள். நான் தயார், என்னைப் போல இன்னும் பலர் வருவார்கள்.

அன்புடன்,
அச்சுப்படங்களை நேசிக்கும் ஒரு வாசகர்