மெஷின் வைத்தால் சரி, இன்ஹேலர் என்றால் பயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"குழந்தைக்கு இன்ஹேலரைப் பழக்கிவிட்டால் பிறகு அது இல்லாமல் மூச்சே விட முடியாது" என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அதே பயத்தில் மூன்று வருடத்தை வீணாக்கிய தகப்பன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

விருதுநகரில் மாவு மில் நடத்துகிறேன். கீழே மில், மாடியில் வீடு. வத்தல், மல்லி, கோதுமை என்று நாள் முழுக்க அரைபடும். என் மகளுக்கு ஐந்து வயதில் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். நெஞ்சில் கொய்ங் கொய்ங்கென்று சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் ஏற்றுகிற மெஷின் (நெபுலைசர்) வைப்பார்கள், தெளிவாள், சிரப்போடு திரும்பி வருவோம். அடுத்த மாதம் மறுபடியும் அதே ஓட்டம். வீட்டில் அதை 'வீசிங்' என்று மட்டும்தான் சொல்வோம். ஆஸ்துமா என்று சொல்ல என் அம்மா விடமாட்டார். "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் குடுக்கணும்ல" என்பார்.

இன்ஹேலர் எழுதித் தந்த குழந்தை மருத்துவரிடம், "வேண்டாம் சார், மெஷினே வைத்துவிடுங்கள்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். மெஷினில் ஊற்றுவதும் சிரப்பில் இருப்பதும் நீல இன்ஹேலரில் இருப்பதும் ஒரே மருந்துதான், சால்பியூடமால். மெஷினுக்கு ஒரு தடவைக்கு 2.5 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். நான் தினமும் தராசோடு நிற்கிறவன். ஒரு தடவை சிரப் கொடுத்தால் இருபது அழுத்து மருந்து வயிறு, ரத்தம் எல்லாம் சுற்றிப் போகிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் கொஞ்சமே போதும்.

அதைவிட முக்கியமாக அவர் சொன்னது இன்னொன்று. நீல இன்ஹேலர் இறுகிய குழாயைத் தளர்த்தும், அவ்வளவுதான். நாலைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். குழாயின் உள்பக்க வீக்கம் அப்படியே இருக்கும். அந்த வீக்கம் வற்ற, புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுக்க வேண்டும். இதில் உடனே சுகம் தெரியாது, பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதற்குள் 'இதனால் ஒன்றும் பிரயோஜனம் இல்லை' என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஒரு தடவை நிறுத்தினேன். பத்தே நாளில் மறுபடி ஆஸ்பத்திரி.

ஸ்டீராய்டு என்றதும் பதறிப்போய்க் கேட்டேன். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. வளர்த்தியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம், வாயில் வெள்ளை படியலாம், அதனால் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்றார். ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு ஒரு சென்டிமீட்டர் பெரிதா?

அப்புறம் மகளின் படுக்கையை மில் தூசி வராத பின்னறைக்கு மாற்றினோம். கொசுவத்தி, சாம்பிராணி இரண்டையும் நிறுத்தினோம். இப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி கோ-கோ அணியில் ஓடுகிறாள்.

போன வருடம் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மருந்து பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது என்று பள்ளியில் அவளுடைய நீல இன்ஹேலரை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பயிற்சியின்போது மூச்சு இரைத்த அன்று, சாவி வைத்திருந்தவர் விடுப்பு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று தடவை மெஷின் வைத்த பிறகுதான் முகம் தெளிந்தது. யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. இன்ஹேலர் என்பது பூட்டி வைக்கிற பொருள் இல்லை. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அது அதன் பையில்தான் இருக்க வேண்டும். விளையாட்டு ஆசிரியர்களுக்கும் சொல்லித் தர வேண்டும். எங்கள் மருத்துவர் எழுதித் தந்த முறை இது: பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டுகிற குழாய்) வழியாக ஒரு அழுத்து, நாலு மூச்சு. இப்படி நாலு அழுத்து. நாலு நிமிடம் பொறுத்தும் குறையாவிட்டால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை அதையே தொடர வேண்டும்.

சால்பியூடமால், புடசோனைடு இன்ஹேலர் இரண்டுமே மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற தமிழக அரசு, இவையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எப்போதும் தடையில்லாமல் கிடைக்கும்படி செய்ய வேண்டும். எங்கள் மில்லுக்கு வருகிற கூலிக்காரக் குடும்பங்களால் மாதாமாதம் காசு கொடுத்து வாங்க முடியாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஸ்பேசரோடு இன்ஹேலர் எடுக்கும் முறையை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு தடவை படத்தோடு போடுங்கள். வெட்டியெடுத்து, வத்தல் அரைக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே ஒட்டிவைக்கிறேன்.

(மகளின் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பதால் என் பெயரைத் தவிர்க்கவும்.)

இப்படிக்கு,
மாவு மில்காரர்,
விருதுநகர்.