ஓனர் எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறாள், சொன்னால் கேட்கிற ஆளா?

போன வாரம் நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. அமெரிக்காவில் உன் புது வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தாயாம். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒருவர் நின்று, ஓனர் உள்ளே இருக்கிறாரா, ஒரு தடவை வெட்ட எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்புறம் "இதைக் கேளுங்கப்பா" என்று கறுப்பினப் பாடகர் கேரி கிளார்க் ஜூனியரின் 'திஸ் லேண்ட்' (இந்த மண்) பாட்டை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டாய்.

முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மாவு மில்லில் கல்லோடு கல் உரசுகிற மாதிரி ஒரு கிட்டார், நடுநடுவே வசவு வேறு. மறுநாள் மொட்டை மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடியில் ஜமைக்காவின் ரெக்கே தாளம் அது பாட்டுக்கு நிதானமாகப் போகிறது. மேலே கிட்டார் நிதானம் கெட்டுக் கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, போலீஸைக் கூப்பிட எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கிறார் என்கிற இடம் வந்ததும் எனக்குப் பாட்டு பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

அந்தப் பாடகரைப் பற்றித் தேடிப் படித்தேன். டெக்ஸாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே கைல் என்ற ஊர்ப் பக்கம் 50 ஏக்கர் வாங்கியிருக்கிறார். சான் அன்டோனியோவுக்கு நீ கூட்டிப்போனபோது வழியில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்த ஞாபகம். அங்கே ஒருவர் வந்து, இங்கே யார் குடியிருப்பது என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்று இவர் சொல்லியும் நம்பவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் பேச வேண்டும் என்று நின்றிருக்கிறார். பக்கத்தில் இவருடைய சின்னப் பையன்.

இத்தனைக்கும் அந்த ஊருக்கு அவர் புது ஆள் இல்லை. 1984-ல் ஆஸ்டினிலேயே பிறந்தவர். அதே பகுதியில் வளர்ந்த ஈவ் மான்சீஸ் என்ற பெண் கிட்டார் வாசிப்பதைப் பார்த்துத்தான் இவருக்கு ஆசை வந்ததாம். 12 வயதில் கிட்டார் கைக்கு வந்திருக்கிறது. கிட்டாரைக் காட்டிக்கொடுத்ததும் அக்கம்பக்கம், ஓனர் எங்கே என்று கேட்டதும் அக்கம்பக்கம். மீசை முளைக்கிற வயதில் கிளப்புகளில் வாசித்திருக்கிறார். கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக்குப் பேர்போன 'ஆன்டோன்ஸ்' கிளப்பை நடத்திய கிளிஃபர்ட் ஆன்டோன் பையனைக் கைதூக்கி விட்டிருக்கிறார். 2001-ல், 17 வயதில், அந்த நகர மேயர் ஒரு நாளையே இவர் பெயரில் அறிவித்தார்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்காமல் வருஷங்கள் போயிருக்கின்றன. எனக்கு அந்தப் பகுதிதான் பிடித்தது. பேர் கிடைத்துவிட்டது, ஆனால் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. 2010-ல் பேர்பெற்ற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன்னுடைய கிராஸ்ரோட்ஸ் கிட்டார் விழாவில் வாசிக்க வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2012-ல் ப்ளூஸ் ஜாம்பவான்கள் பி.பி. கிங், பட்டி கை இருவரோடும் வெள்ளை மாளிகையில் ஒபாமா முன்னால் வாசித்தார். 2014-ல் முதல் கிராமி. அப்படிப்பட்டவரிடம்தான் கேட்டிருக்கிறார்கள், ஓனர் எங்கே என்று.

பாட்டு 2019-ல் வந்தது. மறு வருஷம் ராக் பிரிவில் அந்தப் பாட்டுக்கு இரண்டு கிராமி, அதே பெயருள்ள ஆல்பத்துக்கு ப்ளூஸ் பிரிவில் ஒன்று. விருது மேடையிலேயே அதைப் பாடியும் இருக்கிறார்.

உட்டி கத்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் 1940-ல் எழுதிய 'இந்த மண் உன் மண்' என்ற பாட்டை உன் மகளும் பள்ளிக்கூடத்தில் பாடியிருப்பாள். அதற்குத் திருப்பிச் சொல்கிற பதில்தான் இது. பழைய பாட்டில், தனியார் சொத்து என்று எழுதிய பலகை ஒன்று வழியை மறிக்கிற சரணம் இருக்கிறது. பள்ளிகளில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்களாம்.

பலகை என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. உனக்கு ஏழு வயது. மாற்றலாகிப் போன ஊரில் உன்னையும் கூட்டிக்கொண்டு வாடகைக்கு வீடு பார்க்க அலைந்தேன். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கூடக் கொடுத்தார்கள். சைவமா அசைவமா என்று கேட்டார்கள். சொன்னேன். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். உடனே அந்த அம்மாள், "அடடா, நேத்துதான் வேறொருத்தருக்குப் பேசி முடிச்சாங்க" என்றார். நானும் பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன். பத்து நாள் கழித்து அதே தெருவில் சைக்கிளில் போனோம். கேட்டில் 'வீடு வாடகைக்கு' பலகை அப்படியே தொங்கியது. நீ பின்னால் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, போர்டு இன்னும் இருக்கே" என்றாய். எடுக்க மறந்திருப்பார்கள் என்று சொல்லி, முக்குக் கடையில் தேன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

நீ அதை மறந்திருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். போனில் நீ சிரித்த சிரிப்பைக் கேட்ட பிறகு சந்தேகமாக இருக்கிறது. அது என்னுடைய சிரிப்பு, தம்பி.

அந்த ஆளிடம் சண்டை போட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நான் போடவில்லையே. நமக்குக் கிட்டாரும் தெரியாது.

அம்மா பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்குப் பாப்பா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாளா? அதை நீ சொல்லவே இல்லை.

அன்புடன்,
அப்பா