கழற்றி வைத்த டிரம்ஸை ஈஸ்டருக்குள் மாட்டியாக வேண்டும்

சபையின் அன்பான சகோதர சகோதரிகளுக்கு இசைக்கருவிப் பராமரிப்புக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

நம் சபை டிரம்ஸைச் சரிசெய்ய ஆகும் தொகையை 40 பங்காகப் பிரித்துச் சேர்ப்பது என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். வந்திருப்பது 27. இன்னும் 13 பங்கு வர வேண்டும். டிரம்ஸைப் பிரித்தாயிற்று, பக்க அறையில் விரித்த போர்வைமேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பெரிய வியாழனுக்குள் திரும்ப மாட்டாவிட்டால் உயிர்த்தெழுந்த காலை ஆராதனைக்கு டிரம்ஸ் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

இது யாரோ தானமாக அனுப்பிய கருவி அல்ல. நம் மூத்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அதிலும் அந்த 20 அங்குல ரைடு சிம்பலை, தாளத்துக்குத் தொடர்ந்து தட்டுகிற அந்தப் பெரிய வெண்கலத் தட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களை நிறுத்த முடியாது. நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் என்பார்கள். 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆவேடிஸ் என்ற ஆர்மீனியர் தொடங்கிய சில்ஜியான் பட்டறையில் ஆரம்பித்து, 1929-இல் அந்தக் குடும்பத் தொழில் அமெரிக்காவுக்குப் போன கதை வரைக்கும் சொல்லித்தான் விடுவார்கள். 150-ஆம் சங்கீதத்தின் ஒரே வசனத்தில் கைத்தாளம், அதாவது சிம்பல், இரண்டு முறை வருவதையும் விட மாட்டார்கள். இளைஞர்கள் சிரிப்பார்கள். ஆனால் குச்சியின் நுனிக்குக் கீழே சரிகிற தோள்பட்டையால் அந்த ரைடின் நடுக் குமிழை ஒருமுறை தட்டிக் கேட்டவர் யாரும் அப்புறம் சிரித்ததில்லை.

அப்படி வாங்கித் தந்ததை நாம் வைத்திருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓங்கி அடிக்கிற 16 அங்குல கிராஷ் சிம்பல் போய்விட்டது. ஸ்டாண்டின் கம்பிமேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அது உடைந்ததும் யாரும் மாற்றவில்லை. வெறும் இரும்பு மரை வாரக்கணக்கில் வெண்கலத்தை அரம் மாதிரி ராவி, வட்டமாக இருந்த துளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சாவித்துவாரம் போல ஆகிவிட்டது. போதாததற்கு, ஆடக் கூடாதென்று மேலே கையால் திருகுகிற விங் நட்டை இறுக்கி வைத்தார்கள். சிம்பல் ஆடத்தான் வேண்டும். ஆட விடாமல் அடித்தால் விரிசல் விடும். இப்போது ஓரத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பிளந்திருக்கிறது. விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டு நிறுத்தலாம், கொஞ்ச நாள் தாங்கும். பழைய நாதம் வராது.

மற்ற சிம்பல்களில் பச்சை படிந்திருக்கிறது. கை வியர்வையும் ஈரமும்தான் காரணம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினாலே பாதி தொல்லை இல்லை. கழுவ வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வரிகள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, ஈரம் போக ஒற்ற வேண்டும். பாத்திரம் தேய்க்கிற நாரால் ஒருவர் ஹைஹாட்டை (காலால் மிதித்து மூடித் திறக்கிற ஜோடிச் சிம்பல்) தேய்த்ததில் அச்சிட்ட எழுத்தே காணாமல் போனது. நல்ல மனதோடுதான் செய்தார், யார் என்று கேட்க வேண்டாம். மெஷினில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிவிடலாமே என்று சொன்ன ஐயாவுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்: அந்தச் சூடு வெண்கலத்தின் பதத்தைக் கெடுக்கும்.

கணக்கு இதுதான். புது கிராஷுக்கு 16 பங்கு. ஹார்ட்வேருக்கு 18 பங்கு: பேஸ் டிரம் பெடலின் சங்கிலியும் ஸ்பிரிங்கும், ஹைஹாட் ஸ்டாண்டு, ஐந்து டிரம்களிலும் சேர்த்து 76 இறுக்கும் திருகுகள். அத்தனையையும் துடைத்து, மரைக்கு கிரீஸ் வைக்க வேண்டும். வளைந்ததை மாற்ற வேண்டும். குரோம்மேல் உள்ள லேசான துருவை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து நாங்களே எடுத்துவிட்டோம், அதற்குப் பங்கு கேட்கவில்லை. மீதி 6 பங்கு ஃபெல்ட் (சிம்பலுக்கு மேலும் கீழும் வைக்கிற மெத்தை வளையம்), குழாய், சிம்பல் பை ஆகியவற்றுக்கு. பங்குத் தொகை கூட்டத்தில் சொன்னதேதான், ஏற்றவில்லை.

கொடுத்தவர்களை நினைக்காமல் மேலே போக முடியாது. டிரம்ஸுக்கு உறை தைத்துத் தந்துவிட்டு, கூலி என்ற பேச்சையே எடுக்க விடாத அக்கா. வேலை முடிந்து வந்து, ராத்திரியில் உட்கார்ந்து பெடலைப் பிரித்துக் கொடுத்த மெக்கானிக் தம்பி. தன் ஓய்வூதியத்திலிருந்து இரண்டு பங்கு எடுத்து வைத்து, ஒன்று மறைந்த மனைவியின் பேரில் என்று மெல்லச் சொன்ன பெரியவர். உண்டியலை உடைத்துச் சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டிய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். பிள்ளைகளின் சில்லறையை எண்ணி முடிக்கப் பொருளாளருக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கர்த்தர் இவர்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

இன்னும் வர வேண்டிய 13-இல் 5 பங்கு, கூட்டத்தில் கைதூக்கி, நோட்டில் கையெழுத்தும் போட்ட பங்குகள். பெயரை நாங்கள் வாசிக்கப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். சிறுபிள்ளைகள் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். டிரம்ஸ் சத்தம் சரியில்லை என்று ஆராதனை முடிந்ததும் முதலில் வந்து சொல்கிறவர்களும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் நல்லது. முழுப் பங்கு முடியாவிட்டால் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒன்று எடுக்கலாம். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் வருத்தப்பட வேண்டாம், ஜெபியுங்கள். சனிக்கிழமை காலை துடைக்க ஆள் தேவை, அதற்கு வாருங்கள்.

தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காணிக்கைப் பையில் போட வேண்டாம், கணக்கு குழம்புகிறது. துடைக்கப் பழைய பருத்தித் துணியும் வேண்டும். பொத்தானும் ஜிப்பும் சிம்பலில் கீறிவிடும், வெட்டி எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
இசைக்கருவிப் பராமரிப்புக் குழு