தனியாகப் பழநிக்கு நடப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். பெங்களூரிலிருந்து தைப்பூசத்துக்குத் தனியாக நடக்கிறவர்கள் வரும் ஞாயிறு காலை 5 மணிக்கு அல்சூர் ஏரிக்கரைக்குப் பையோடு வரவும். 15 கி.மீ. ஒத்திகை நடை.

1. பை 5 கிலோவுக்குள்.
2. புது ஷூ வேண்டவே வேண்டாம். நடக்க நடக்கக் கால் வீங்கும். அரை சைஸ் பெரிதாக, பழகியதாக இருக்கட்டும். குதிகால் சுருக்கென்றால் அங்கேயே நின்று, ஈரம் துடைத்து டேப் ஒட்டுங்கள். கொப்புளத்தின் மேல் ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.
3. சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கவும். ஒளிரும் பட்டை கட்டாயம்.
4. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறக்கம்; லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும். பகலில் மட்டும் கடக்கவும், தயவுசெய்து.

புறப்படும் நாள், வீட்டார் எண் இரண்டையும் வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.